ஏர் எத்தனை, பன்றி எத்தனை

நிஜாமுதீன் ரயில் பாலத்துக்குக் கீழே
சாக்கடைக் கரையில்
காலை எட்டு மணிக்கு நாங்கள் நால்வர்.
நாடா பிடிக்க ஒருவர், படமெடுக்க ஒருவர்,
எழுத மிஸ்ரா ஜி,
தமிழுக்கு நான்.
பள்ளியில் வரலாறு எடுப்பவன் என்பதால்
எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஆயிரத்து எண்பத்தாறில்
இங்கிலாந்திலும் இப்படித்தான் வந்து நின்றார்கள்.
கடல் தாண்டி நாட்டைப் பிடித்த நார்மானிய அரசனுக்கு
இருபது வருஷம் கழித்து ஒரு சந்தேகம்:
பிடித்தது எவ்வளவு?
ஏர் எத்தனை, எருது எத்தனை,
காட்டில் மேயும் பன்றி எத்தனை,
ஆற்றங்கரை மாவாலைக்காரன்
வாடகைக்குப் பதில் தரும் விலாங்குமீன் எத்தனை.
போன அரசன் நாளில் என்ன இருந்தது,
கைமாறியபோது என்ன,
இன்று என்ன.

குடியானவன் ஆங்கிலத்தில் சொன்னான்.
வந்தவர்கள் பிரெஞ்சில் கேட்டார்கள்.
லத்தீனில் எழுதினார்கள்.
நடுவில் நின்று மாற்றிச் சொன்னவன் யார் என்று
என் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.
அப்படிச் சொன்னவர்களில் சிலருக்கு
நிலமே கிடைத்ததாகப் படித்திருக்கிறேன்.
எனக்கு நாற்காலி.
உட்காரவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை.
பதினொரு மணி வெயிலில் உட்கார்ந்தேன்.

முப்பத்தேழாம் கதவு. சிவப்புச் சாயத்தில் எண்,
இன்னும் காயவில்லை.
கொளஞ்சியம்மாள், கணவர் மாயவேல்,
ஊர் சின்னசேலம் பக்கம்.
மிஸ்ரா ஜியின் பேனாவில் அவள் குலாஞ்சி ஆனாள்.
நம் ளகரத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.
அங்கேயும் அப்படித்தான்,
ஆங்கிலேயன் பேரில் இருந்த ஒரு சத்தம்
நார்மானியன் நாக்கில் நிற்கவில்லை.
தெரிந்த எழுத்தைப் போட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

எப்போதிலிருந்து இங்கே?
"யமுனைத் தண்ணி ஏறி வந்துச்சே, அந்த வருஷம்."
எழுபத்தெட்டு என்றேன் இந்தியில்.
சான்று?
தகரப் பெட்டியைத் திறந்தாள்.
தொண்ணூறில் கொடுத்த டோக்கன்,
ரேஷன் அட்டை,
நடுவில் இரண்டு வருஷ மின்ரசீதை
எலி தின்றிருந்தது.
மிஸ்ரா ஜி ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டார்.

"சார், கிரைண்டர எழுதிக்கிட்டாரா?"
அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றேன்.
"இருபது கிலோ கல்லு சார். லாஜ்பத் நகர் வரைக்கும்
நாந்தான் மாவு.
ரெண்டு நாயி. அந்த முருங்கை நான் வச்சது.
தண்ணி டிரம்மு மூணு.
எழுதச் சொல்லுங்க. எழுதுனாத்தான் இருந்ததா ஆவும்."

அங்கே எவனாவது ஒரு பன்றியைப்
புதருக்குள் விரட்டி ஒளித்திருப்பான்,
வரிக்குப் பயந்து.
இவளோ ஒவ்வொன்றாய்
வாசலில் கொண்டுவந்து வைக்கிறாள்.
இந்த வித்தியாசத்தைப்
பத்து மதிப்பெண் கேள்வியாக்கலாமா என்று
ஒரு நொடி யோசித்தேன், சீ.

மிஸ்ரா ஜியிடம் கிரைண்டரைச் சொன்னேன்.
சிரித்தார். நல்ல மனுஷர்.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினார்.

அந்த ஏட்டில் வடக்குப் பக்கங்களைப் புரட்டினால்
ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில்
ஏரும் இருக்காது, எருதும் இருக்காது.
பாழ் என்று மட்டும் இருக்கும்.
அடுத்த ஊர், பாழ்.
அடுத்தது, பாழ்.
பதினேழு வருஷம் முன்னால் கொளுத்தியது
அதே அரசனின் படை என்று
எழுதியவனுக்குத் தெரியாமலா இருக்கும்.
தோலில் எழுதினான். இன்றும் அழியவில்லை.

எங்கள் பட்டியல் காகிதத்தில்.
சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள்,
வரிசை எண் முப்பத்தேழு, தகுதியில்லை.
ஜூன் முதல் வாரம்
அங்கே நான் போகவில்லை.
பள்ளி விடுமுறைதான். போயிருக்கலாம்.

நேற்று அவளிடமிருந்து அழைப்பு.
எங்கோ ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிறாளாம்,
கதவைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டாளாம்
எண்ணோடு.
முருங்கையைக் கேட்கவில்லை நான்.
"சார், அன்னிக்கு அந்த ஐயா
ஓரமா என்னமோ எழுதுனாரே,
அது கிரைண்டர் தானே?"

ரயில் சத்தம் என்றேன்.
சரியாகக் கேட்கவில்லை என்றேன்.